சிலிக்கான் அடித்தால் தீராது

"கார் மிதியடி நனைந்தால் கண்ணாடி ரப்பர் போய்விட்டது, சுற்றிலும் சிலிக்கான் பசை அடித்தால் போதும்" என்பது தவறான வழிகாட்டல். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மழையே இல்லாமல் நனைகிறதா? பெரும்பாலும் ஏசி வடிகுழாய் அடைப்புதான். இனிப்பு வாடையோடு பிசுபிசுத்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது.

மழையில் மட்டும் என்றால், வைப்பருக்குக் கீழே சேர்ந்த சருகு, சன்ரூஃப் வடிகுழாய், கதவு இவற்றைப் பாருங்கள். கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறிவிடும். உள்பக்க பிளாஸ்டிக் தாள் பிரிந்தால்தான் காருக்குள் வரும். அந்தத் துளைகளையும் சிலிக்கானால் அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்!

ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் ஹோஸில் மெதுவாக, கீழிருந்து மேலாக நனைத்து வந்தால் இடம் பிடிபடும். மேலிருந்து தொடங்கினால் வழிந்து குழப்பிவிடும்.