'ரூமர்ஸ்': கிசுகிசுவை ஒதுக்கிவிட்டுக் கேட்டபோது

இரண்டு வாரமாக இரவில் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் 'ரூமர்ஸ்', அதாவது 'வதந்திகள்'. 1977 பிப்ரவரியில் வெளிவந்தது. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 31 வாரம் முதலிடம், மறு ஆண்டு கிராமி, இன்றுவரை நான்கு கோடிக்கும் மேல் விற்பனை.

இதைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் வருவது அந்த ஐந்து பேரின் சொந்தக் கதைதான். பாஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வீயும் கீபோர்டு வாசித்துப் பாடிய கிறிஸ்டினும் விவாகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காதலர்களாக இருந்த கிட்டார் கலைஞர் லிண்ட்சி பக்கிங்ஹமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும் பிரிந்துகொண்டிருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் குடும்பமும் உடைந்துகொண்டிருந்தது. ஆல்பத்தின் பெயரே அதுதானே. நானும் பல வருடம் எந்த வரி யாரைக் குத்துகிறது என்று துருவித் துருவித்தான் கேட்டேன்.

இந்த முறை வரிகளை விட்டுவிட்டேன். பாஸையும் டிரம்ஸையும் மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். பத்து நிமிடத்தில் வேறு ஆல்பம் கேட்பது போல ஆகிவிட்டது.

'டிரீம்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் ஒலிப்பதிவு நடந்த கட்டிடத்திலேயே, ஆளில்லாத ஓர் அறையில் எலெக்ட்ரிக் பியானோ முன்னால் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதியதாக ஸ்டீவி சொல்லியிருக்கிறார். கிட்டத்தட்ட பாட்டு முழுவதும் இரண்டே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). முதலில் கேட்டபோது சலிப்பாக இருந்தது என்று கிறிஸ்டினே பின்னாளில் சொன்னார். அந்த ஒற்றை நூலை வைத்து ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு நிறம் கொடுத்தவர் லிண்ட்சி. பாட்டு யாரைப் பார்த்து எழுதப்பட்டதோ, அவரேதான்! தன்னை விட்டுப் போனவர் தன்னைப் பற்றி எழுதிய பாட்டுக்கு இவ்வளவு பொறுப்போடு கிட்டார் வாசிக்க ஒருவருக்கு மனசு வந்திருக்கிறது. கீழே ஜானும் மிக்கும் ஒரு சுரம், ஒரு தட்டு கூட மிகையாக வாசிக்கவில்லை. அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அவர்களுடைய ஒரே பாட்டு இதுதான்.

இதற்கு மறுபக்கம் 'கோ யுவர் ஓன் வே'. லிண்ட்சி எழுதியது. அதில் தன்னைப் பற்றி வரும் ஒரு வரி உண்மையல்ல என்று ஸ்டீவி பலமுறை வருத்தப்பட்டிருக்கிறார். அப்படியும் அந்தப் பாட்டில் அவர் பின்குரல் பாடியிருக்கிறார், மேடைகளிலும் வருடக்கணக்காகப் பாடினார். எனக்கு இந்த ஆல்பத்தில் பெரிதாகத் தெரிவது இதுதான்: முகம் பார்த்துப் பேச முடியாத நிலையிலும் ஒருவர் வாசிப்பதை மற்றவர் காது கொடுத்துக் கேட்பதை அவர்கள் நிறுத்தவில்லை.

'த செயின்' பல துண்டு டேப்களை வெட்டி ஒட்டி உருவான பாட்டு. ஐந்து பேர் பெயரும் இருக்கும் ஒரே பாட்டு. மூன்றாவது நிமிடத்தில் எல்லாம் அடங்கி, ஜானின் பாஸ் தனியாக எழுந்து வரும் இடம் இருக்கிறதே, பிபிசியின் ஃபார்முலா ஒன் ஒளிபரப்பில் கேட்டவர்களுக்கு உடனே தெரியும். இரவில் ஹெட்போனில் அது வரும்போது இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஒலிப்பதிவின்போது திரும்பத் திரும்ப ஓட்டியதில் ஆல்பத்தின் மூல டேப்பே தேய்ந்து, டிரம்ஸின் கூர்மை போய்விட்டது. அப்புறம் பத்திரமாக வைத்திருந்த இன்னொரு பிரதியை, ஒரு காதில் இது, மறு காதில் அது என்று கேட்டு, வேகத்தைக் கையால் கூட்டிக் குறைத்து இணைத்தார்கள். இதைப் படித்த பிறகு அந்த டிரம்ஸ் மேல் எனக்குத் தனி மரியாதை.

அதே காலத்துப் பாட்டுகளையும் கூடவே கேட்டேன். ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வின் கடைசி இரட்டை கிட்டார் அருமைதான், ஆனால் ஆல்பமாகப் பார்த்தால் 'ரூமர்ஸ்' அளவுக்கு என்னைத் திரும்ப இழுப்பதில்லை. டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' 1977லேயே சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை ஓடவிட்டு வருங்காலத்தைக் காட்டிவிட்டது. பீ ஜீஸின் 'ஸ்டேயின் அலைவ்' பாட்டில் டிரம்ஸ் என்பது வேறொரு பாட்டிலிருந்து வெட்டியெடுத்துச் சுற்றவிட்ட டேப் துண்டு. இரண்டும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போதுதான் மிக் ஃப்ளீட்வுட்டின் கைகள் மூச்சு விடுவது புரிகிறது.

ஒரே ஒரு ஆதங்கம். ஸ்டீவியின் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' பாட்டை நீளம் அதிகம் என்று ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இவ்வளவுதான் அடங்கும் என்ற கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இடத்தில் 'ஐ டோன்ட் வான்ட் டு நோ'வைப் போட்டது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். இருபது வருடம் கழித்து, 1997இல், ஐவரும் மறுபடி சேர்ந்த கச்சேரியில் ஸ்டீவி லிண்ட்சியின் பக்கம் திரும்பி, கண் எடுக்காமல் அந்தப் பாட்டைப் பாடுவார். பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள். பக்கத்தில் அமைதியாகக் கீபோர்டு வாசித்த கிறிஸ்டின் 2022 நவம்பரில் மறைந்துவிட்டார்.

2004 மறுபதிப்பில் 'சாங்பேர்டு'க்கும் 'த செயி'னுக்கும் நடுவில் 'சில்வர் ஸ்பிரிங்'ஸைச் சேர்த்தார்கள். அந்த வரிசையில்தான் நான் இப்போது கேட்கிறேன்.