"பாஸ்டர், எனக்கு இனி மன்னிப்பு உண்டா?"

குமரி மாவட்டத்தில், கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் சிஎஸ்ஐ, லத்தீன், மலங்கரை, ரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று அடுத்தடுத்து சபைகள்தான். உபதேசம் சபைக்குச் சபை மாறும். ஊழியக்காரரைத் தனியாகப் பிடித்துக் கேட்கும் இந்தக் கேள்வி மட்டும் மாறாது: "பரிசுத்த ஆவிக்கு விரோதமா மனசுல ஒரு வார்த்தை வந்துட்டு. நான் போயிட்டேனா?"

இதற்குப் பதில் சொல்வதில் கடுமையானவர்களைவிட அன்பானவர்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வசனம். பரிசுத்த ஆவியைத் தூஷிக்கிறவனுக்கு என்றைக்கும் மன்னிப்பில்லை என்கிற மாற்கு 3:29-ஐப் பிரசங்கிப்பவர்கள் பலர் 30-ஐ விட்டுவிடுகிறார்கள். "அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறான்" என்று தம்மைப் பற்றிச் சொன்னதால்தான் இயேசு அப்படிச் சொன்னார் என்று அங்கேயே காரணம் இருக்கிறது. எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர், பிசாசு பிடித்தவர்கள் சுகமாவது தெரிந்தும், அது பிசாசின் வேலை என்று வாய்திறந்து தீர்ப்புச் சொன்னார்கள். விரும்பாமல் மனதில் மின்னி மறைந்து, ஆளை நடுங்கவைக்கும் எண்ணம் அந்தக் கணக்கில் வராது. அதே அதிகாரம் 21-ஆம் வசனத்தில், இயேசு மதிமயங்கியிருக்கிறார் என்று சொந்த இனத்தாரே அவரைப் பிடிக்க வருகிறார்கள். மனநோயாளிக்கெல்லாம் அசுத்த ஆவி முத்திரை குத்துகிறவர்கள் அதையும் ஒருமுறை வாசிக்கலாம்.

"இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே" என்று நாம் பாடுகிறோமே, அதை ஆங்கிலத்தில் எழுதிய வில்லியம் கூப்பர், 1773-இல் மனம் முறிந்ததிலிருந்து 1800-இல் சாகும்வரை, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்றே நம்பிக்கொண்டிருந்தார். பாட்டில் குறையில்லை, விசுவாசத்திலும் குறையில்லை. அது வியாதி.

இப்போது அன்பானவர்கள் விஷயம். கெட்ட எண்ணம் எல்லோருக்கும் வரும். ஓசிடி, அதாவது எண்ணச்சுழற்சி நோய் உள்ளவருக்கு அது ஒட்டிக்கொள்ளும். பயத்தைத் தணிக்க மன்னிப்பு ஜெபம் சொல்வார், வசனம் தேடுவார், பாஸ்டருக்குப் போன் போடுவார். "உங்களுக்கு மன்னிப்பு உண்டு பிரதர்" என்றதும் நிம்மதி. கொஞ்ச நேரத்தில், "நான் சரியா விளக்கிச் சொல்லலையோ?" என்று மறுபடி போன். ஒவ்வொரு ஆறுதலும் மூளைக்கு, "இது நிஜமான ஆபத்து, அதனால்தான் விசாரித்தோம்" என்று கற்றுக்கொடுக்கிறது. ஆறுதல் சொல்லச் சொல்ல நோய் கொழுக்கும்.

ஆகவே விளக்கத்தை ஒரே முறை, நிதானமாகச் சொல்லுங்கள். மறுபடி கேட்டால், "இதற்கு முன்னமே பதில் சொல்லிவிட்டேன், இப்போது சொன்னால் உன் வியாதிக்குத்தான் தீனி" என்று நிறுத்துங்கள். வீட்டாரும் அப்படியே. சபைக்குச் சபை அலைந்து ஆளாளுக்குக் கேட்பதைவிட ஒரே போதகர், ஒரே பதில் போதும்.

சிகிச்சை இரண்டு. ஒன்று, பயத்துக்கு முகம்கொடுத்துவிட்டு, வழக்கமான பரிகாரத்தைச் செய்யாமல் இருக்கும் பயிற்சி. பயங்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, கீழ்ப்படியிலிருந்து ஏறுவார்கள். 30-இல் மாற்கு 3:29-ஐ ஒருமுறை வாசித்து, ஆறுதல் வசனம் தேடாமல் மூடிவைப்பது. 50-இல் அதையே தாளில் எழுதி நாள் முழுக்கச் சட்டைப்பையில் வைத்திருப்பது. 90-இல், "நான் அபாத்திரனோ" என்ற சந்தேகம் இருக்கும்போதே திருவிருந்து எடுப்பது. தூஷணம் சொல்லச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பயிற்சி பலிக்காமல் போக முக்கியக் காரணம், வெளியே சும்மா இருந்துகொண்டு மனதுக்குள் "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று ஓட்டுவது. அதுவும் பரிகாரம்தான், சிகிச்சை தருபவரிடம் மறைக்காதீர்கள்.

இரண்டு, மருந்து. செர்ட்ரலின் என்றால் பெரும்பாலும் 50 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 200 வரை டாக்டர் கூட்டுவார். மனச்சோர்வுக்குத் தருவதைவிட ஓசிடிக்கு அளவு பெரும்பாலும் கூடும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம். முதல் இரண்டு வாரத்தில் குமட்டலும் படபடப்பும்தான் வரும். அங்கேதான் பலர், "மாத்திரை கேட்கல்ல" என்று விட்டுவிடுகிறார்கள்.

உபவாசக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று. வந்திருப்பவர்களில், மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் இருக்கலாம். தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகும். கைநடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் எண்ணெய் பூசி ஜெபிக்கிற நேரமல்ல அது, உடனே ஆஸ்பத்திரி. "மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசிக்க வேண்டாம்" என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்க்க அரை நிமிடம் ஆகாது.

நான் சொன்ன 'ஒரே பதில்' முறை எல்லோருக்கும் அல்ல. சந்தேகமே இல்லாமல், "நான் தள்ளப்பட்டேன்" என்று உறுதியாகச் சொல்கிறவர், குரல் கேட்கிறவர், நாள்கணக்கில் தூங்காமலோ சாப்பிடாமலோ இருப்பவர், சாவைப் பற்றிப் பேசுகிறவர், இவர்களுக்குக் கடும் மனச்சோர்வோ மனச்சிதைவோ இருக்கலாம். தனியே விடாமல் அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ், கேரளப் பக்கம் என்றால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். திருவனந்தபுரத்தில் மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊளம்பாறை என்றதும் சிரிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தச் சிரிப்புக்குப் பயந்தே நோயை மறைக்கிற வீடுகளும் உண்டு. முதலில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், கட்டணமில்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே நம்பர், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.