எந்தப் புற்றுநோய் என்று சொல்ல வேண்டாமா?

"நெஞ்செரிச்சலைக் கவனிக்காவிட்டால் உணவுக்குழாய்ப் புற்றுநோய்" என்று உங்கள் நெஞ்செரிச்சல் கட்டுரையைப் பொத்தாம்பொதுவாக முடித்துவிட்டீர்கள். அது முக்கியமாக இரண்டு வகை: சுரப்பி செல்களில் தொடங்கும் அடினோகார்சினோமா, உள்படலத்தின் தட்டைச் செல்களில் தொடங்கும் ஸ்குவாமஸ். 1999இல் வெளியான சுவீடன் ஆய்வில், வாரம் ஒரு முறையாவது நெஞ்செரிச்சலோ எதுக்களிப்போ உள்ளவர்களுக்கு அடினோகார்சினோமா வரும் வாய்ப்பு, அவை இல்லாதவர்களைவிட சுமார் 8 மடங்கு. பல வருடமாகக் கடுமையாக இருந்தவர்களுக்கு 40 மடங்குக்கும் மேல். ஸ்குவாமஸ் வகையோடு தொடர்பே தெரியவில்லை. இந்தியாவில் அதிகம் வருவது இந்த ஸ்குவாமஸ்தான்! புகையிலை, வெற்றிலை பாக்கு, குடி எல்லாம் அதன் கணக்கில் வரும். கட்டுரையில் இவற்றைப் பற்றி மூச்சே இல்லை.

மடங்கு என்றதும் பதறவும் வேண்டாம். அடினோகார்சினோமாவே அரிது, அதனால் 8 மடங்கும் சின்ன எண்தான். அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்படலம் குடல் படலம் மாதிரி மாறுவதை பாரெட் என்பார்கள். அது வந்தவர்களிலேயே அடினோகார்சினோமா வருவது ஆண்டுக்கு 1000 பேரில் ஒருவருக்குச் சற்று மேல் என்றுதான் 2011 டென்மார்க் ஆய்வு சொன்னது. 50 தாண்டிய ஆண், தொப்பை, சிகரெட், பல வருட எரிச்சல் எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் எண்டோஸ்கோப்பி (கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

எனக்குக் கவலை மெடிக்கல் ஷாப்பைப் பார்த்துத்தான். "அண்ணே, கேஸ் மாத்திரை" என்றால் போதும், அட்டையைக் கத்தரியால் நறுக்கிக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். "இட்லியைக்கூடத் தண்ணி குடிச்சுத்தான் இறக்குறேன், வேட்டி வேற இடுப்புல நிக்கல" என்பவருக்கும் அதே மாத்திரைதான். விழுங்கச் சிரமமும் உடல் மெலிவும் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்; அவர் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டியவர்.