"கிளாஸ் மட்டும்தானா?"

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர், பல வருஷத்துக்கு முன்னால் என்னிடம் நாட்டியம் கற்ற ஒரு பெண்ணின் அம்மா. பாயசம் வருகிற நேரத்தில் கேட்டார்: "இன்னும் ப்ரோக்ராம்லாம் பண்றீங்களா மிஸ், இல்ல கிளாஸ் மட்டும்தானா?"

அன்பாகத்தான் கேட்டார். ஆனால் வீட்டுக்கு வந்து புடவை மாற்றிய பிறகும் அந்த 'மட்டும்' என்னை விடவில்லை. அதனால் இந்த நீளப் பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேடைக் கணக்கு. ஆடுகிறவர்கள் இதை வெளியே சொல்வதில்லை. ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி என்றால் தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி ஆட்டுவிக்கிற நட்டுவாங்கத்துக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர், மிருதங்கம், வயலினோ புல்லாங்குழலோ ஒன்று. ஒத்திகைக்குத் தனியாக ஒரு நாள். அப்புறம் மேக்கப், பூ, வேன், எல்லாருக்கும் டிபன். அத்தனை பேருக்கும் கவர் உண்டு, இருக்கவும் வேண்டும். கவரைக் கொடுப்பவள் ஆடியவள். அவளுக்குச் சால்வையும் கேடயமும். என் வீட்டில் கேடயம் வைக்க இடமில்லாமல், காற்றில் கதவு அடிக்காமலிருக்க இரண்டை முட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன.

ஒரு விழாக்காரர் என்னிடம் நேராகவே சொன்னார், "மேடை தர்றோமே மேடம், அதுவே பெரிசில்லையா?" அந்த மேடையைப் போட்ட பந்தல்காரருக்கு, மைக் செட்டுக்கு, பிளெக்ஸ் அடித்தவருக்கு எல்லாம் காசு போயிருந்தது. அவர்களிடம் யாரும் இப்படிப் பேசிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சிதம்பரம் வேறு. அங்கே 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி சிவராத்திரியை ஒட்டி நடக்கிறது. நானும் ஆடியிருக்கிறேன். கோபுர வாசலில் 108 கரணங்களையும், அதாவது ஆடல் நிலைகளையும், கல்லில் செதுக்கி வைத்திருக்கிற ஊரில் ஆடுவதற்குக் கூலி கேட்க எனக்கே வாய் வராது. அஞ்சலி என்றால் அஞ்சலிதான். ஆனால் கடை திறப்பு விழாவும் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவும் எப்போது அஞ்சலி ஆயின?

இதில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடிய பெண்களைக், குடியமர்த்தியதைக் கல்வெட்டில் பெயர் பெயராக வெட்டி வைத்திருக்கிறான். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல். அதே கல்வெட்டில் நட்டுவம் செய்தவர்களுக்கு இரண்டு பங்கு. ஆடியவளுக்கு ஒன்று, ஆட்டுவித்தவருக்கு இரண்டு! பந்தியில் இது ஞாபகம் வராமல் போனதுதான் என் வருத்தம்.

நட்டுவனார் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஆடிப் பெயர் வாங்கியவரில்லை, ஆடவைத்தே வாங்கினார். அவரிடம் கற்ற ருக்மிணி தேவி 1935இல் முதலில் மேடையேறினார், அடுத்த வருஷமே பள்ளி தொடங்கிவிட்டார். ஆடினார், நாட்டிய நாடகங்கள் அமைத்தார், அவற்றைத் தயாரித்து மேடையேற்றினார். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பள்ளி, கலாக்ஷேத்ரா. அவரிடம் போய் யாராவது 'மட்டும்' போட்டிருப்பார்களா?

சரி, என் கதைக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர்க்காரர்களுக்குத் தேதி சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷம் கழித்து அதை வைத்து ஒரு நாட்டிய நாடகம் செய்ய நினைத்தேன். பதினாலு பெண்கள், எல்லாம் என் மாணவிகள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புதான் களம். முதல் நாளே மாட்டிக்கொண்டேன். முந்திரி போர்த்துகீசியர்களோடு பிரேசிலிலிருந்து வந்த மரம், பழைய நாட்டிய நூலில் அதற்குக் கை, அதாவது முத்திரை, இருக்க வழியில்லை. நானாக முகுளத்தை, ஐந்து விரல் நுனியும் கூடிய மொட்டுக் கையை, மேல் நோக்கிப் பிடித்து, அதன் உச்சியில் இன்னொரு கையால் கொட்டையை வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பின்வரிசையில் ஒரு பெண், எட்டாம் வகுப்பு, வீட்டில் சொந்தத் தோப்பு. "மிஸ், பழம்தான் மேல. கொட்டை கீழ தொங்கும்" என்றாள். இடது முகுளத்தைக் கவிழ்த்து, அதற்கடியில் வலது கை ஆள்காட்டி விரலை மட்டும் வளைத்துத் தாம்ரசூடம் என்கிற முத்திரையாகக் கோர்த்துக் காட்டினாள். முந்திரிப்பழம் அப்படியே தொங்கியது. அந்தக் கையைத்தான் இன்றுவரை சொல்லிக்கொடுக்கிறேன்.

புயல் இரவுக்கு ஜதியை, அந்தத் தாளச் சொற்கட்டை, மேற்காலத்தில் வேகமாக அள்ளிப் போடலாம் என்று மிருதங்கக்காரருக்கு ஆசை. எனக்கும்தான். மறுபடி அதே பெண்ணிடம், விடிந்து வெளியே வந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "தோப்புல நிழலே இல்ல மிஸ்" என்றாள். அவ்வளவுதான், நாடகம் கிடைத்துவிட்டது. முதல் பாதியில் பெண்கள் தோப்புக்குள் சாதாரணமாக நடப்பார்கள். புயலுக்குப் பிறகு வாத்தியம் எதுவுமில்லை, சலங்கைச் சத்தம் மட்டும். அதே நடை, ஆனால் ஒவ்வொருத்தியும் நெற்றிக்கு மேலே பதாகத்தை, விரல் சேர்த்து நீட்டிய கையை, வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு நடப்பாள். டவுன் ஹாலில் முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த நாடகத்துக்கு ஹால் வாடகை, ஒலிப்பதிவு, பதினாலு புடவை எல்லாம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? தட்டடவு என்கிற ஆரம்பப் பாடம் சொல்லிக்கொடுத்த காசு. மாலை ஐந்து மணிக்கு மொட்டைமாடியில், பாதி உட்கார்ந்த அரைமண்டியில் முட்டியை விரிக்கச் சொல்லிக் கத்திக் கத்திச் சேர்த்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு சினிமாப் பாட்டுக்கு நாற்பது பிள்ளைகளை ஆடவைத்துச் சம்பாதித்ததும் அதில் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கூட்டத்தை மேடையில் இடித்துக்கொள்ளாமல் நகர்த்த அங்கேதான் கற்றேன்.

அரங்கேற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பெண்ணின் அரங்கேற்றத்துக்குச் சின்னக் கல்யாணம் அளவுக்குச் செலவு செய்கிறோம், அதே பெண் அதற்கப்புறம் ஆட வந்தால் பஸ் காசு கொடுக்க யோசிக்கிறோம். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் வருஷக்கணக்காக நாட்டியம் படித்துவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளுக்கும் கடைசியில் கிளாஸ்தான் சோறு போடுகிறது. அந்தச் சோற்றைத்தான் நாம் 'மட்டும்' என்கிறோம்.

அந்த முந்திரிக்கைப் பெண் இப்போது நெல்லிக்குப்பத்தில் சொந்தமாக வகுப்பு ஆரம்பித்திருக்கிறாள். நேற்று போன் செய்து, "முதல் மூணு மாசம் சும்மா சொல்லிக்கொடுக்கட்டுமா மிஸ்?" என்றாள். கூடவே கூடாது, என் ஃபீஸைவிட இருநூறு ரூபாய் கூட்டியே வை என்றேன். வைத்துவிட்டாள். அந்தச் செய்தி அதற்குள் என் வகுப்பு அம்மாக்கள் குரூப்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதனால் தை மாதத்திலிருந்து நானும் இருநூறு ஏற்றுகிறேன். தனியாக மெசேஜ் போட்டுக் குறைக்கச் சொல்லாதீர்கள்.