துருவின் மேல் பட்டி பூசிப் பழைய கார்களைக் கொல்லாதீர்கள்

"அடியில் லேசான துரு மட்டும் உண்டு, கொஞ்சம் டிங்கரிங் பார்த்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்று பழைய கார் விற்பவர்கள் எழுதும் வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஒரு வரியை நம்பி, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தைப் பட்டறையில் கொண்டுபோய்க் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்ட துரு லேசான துரு அல்ல. அது தகட்டின் உட்புறத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கி, அந்தப் பக்கம் தின்று முடித்த பிறகுதான் இந்தப் பக்கம் முகம் காட்டுகிறது. இது டிங்கர் வேலை செய்யும் எவருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் என் கோபம்.

பிரீமியர் பத்மினியை எடுத்துக்கொள்வோம். 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் பம்பாய் குர்லாவில் உருவாகத் தொடங்கி, பின்னர் பத்மினி என்று பெயர் மாறி, 2000-ஐ ஒட்டி உற்பத்தி நின்றுபோன இந்தக் காருக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. லாரியில் இருப்பதுபோல் கீழே ஓர் இரும்புச் சட்டமும் அதன் மேல் பூட்டிய உடலும் என்ற அமைப்பு இதில் இல்லை. தரைத் தகடு, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி, சக்கரக் கூண்டுகள், முன்பக்கத்தில் இன்ஜினைத் தாங்கும் கைகள் எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, அவை சேர்ந்துதான் காரின் பாரத்தைச் சுமக்கின்றன. அம்பாசடரும் இதே வகைதான். ஆகவே மட்கார்டில் ஓட்டை விழுந்தால் அது அழகு சம்பந்தப்பட்ட குறை. கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டிப் பகுதி உளுத்துப்போனால் கார் நடுவில் வளையத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த இரண்டையும் ஒரே "துரு" என்ற சொல்லில் போட்டு மூடுகிறவர், வாங்குகிறவரின் உயிரோடு விளையாடுகிறார்.

நம் கடற்கரை ஊர்களில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கிறது. திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ திறந்த வெளியில் நின்ற காரின் மீது உப்புக்காற்று படியும். அந்த உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். அக்காலத்து இந்தியக் கார்களின் தகடுகளுக்கு இன்று இருப்பதைப்போன்ற துத்தநாக முலாம் கிடையாது. இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த இணைப்புகளின் நடுவே பெயிண்ட் போகாது, தண்ணீர் மட்டும் போகும். உருவாகும் துரு, தின்னப்பட்ட இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், தகடுகளை அதுவே பிளந்து இன்னும் தண்ணீருக்கு வழி விடும். முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்ததும் மழைநீர் நேராகக் கால்மிதிக்கு அடியில் இறங்கும். மேட் அதை மாதக்கணக்கில் தாங்கி நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய பழைய கார்கள் எத்தனை! மேலே கழுவித் துடைத்து நிறுத்திவிட்டார்கள், மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் போய்ப் படிந்த சேற்றை யார் கழுவினார்கள்?

என் நண்பர் ஒருவரின் தந்தை ஓட்டிய பத்மினி நெடுங்காலம் புறநகரில் ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே நின்றது. அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது, தரைவிரிப்பைக் கூடத் தூக்கிப் பார்க்காமல் ஒரு தொகையைச் சொல்லி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள். பெயிண்டைச் சுரண்டிய பிறகு பின்சீட்டுக்குக் கீழே ஓட்டை வழியாக மண்தரை தெரிந்தது. அந்த இடத்தில் வேலையை நிறுத்தி, "ஐயா, இது இவ்வளவு தூரம் போயிருக்கிறது, மேலே செய்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். மாறாக, கெட்ட தகட்டை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே மெல்லிய தகட்டை அங்கங்கே ஒட்டிப் பற்றவைத்து, மிச்சத்தைப் பட்டியால் (பள்ளங்களை நிரப்பப் பூசும் பசை) நிரப்பி, தேய்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். செலவு சொன்ன தொகையின் இரண்டு மடங்கைத் தாண்டியது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் கதவுக்குக் கீழே கொப்புளங்கள் எழுந்தன. டயர் மாற்ற ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கியபோது, ஜாக்கி காரைத் தூக்காமல் காருக்குள்ளேயே ஏறிவிட்டது. நல்லவேளையாக அடியில் யாரும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இந்த வேலைக்கு "ரெஸ்டோரேஷன்" என்று பில் போடுவதற்கு எப்படி மனம் வருகிறது?

பட்டி ஈரத்தை உறிஞ்சும். பற்றவைத்த சூட்டில் தகட்டின் பின்பக்கத்துப் பெயிண்ட் எரிந்துபோயிருக்கும். அங்கே கை நுழைந்து மறுபடி பூச முடியாது. எனவே புதிதாக வைத்த ஒட்டு பழைய தகட்டைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவை மாற்றும் திரவங்கள் மேற்பரப்பில் செம்மண் நிறமாகப் படிந்த துருவுக்கு நல்ல பயன் தருபவைதான். ஆனால் ஓட்டை விழுந்த இடத்தில் அவை மாற்றுவதற்கு இரும்பே மிச்சம் இல்லை. எந்த ஒட்டையும் நல்ல தகட்டோடு சேர்த்துத்தான் பற்றவைக்க முடியும் என்பதால், கெட்டதை வெட்ட வெட்ட நல்ல தகடு எங்கே என்று தேடிக்கொண்டே போக வேண்டியிருக்கும். அப்படித் தேடித் தேடிக் காரில் பாதியை வெட்டியவர்களும் உண்டு.

இதில் எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பவை இங்கிலாந்திலிருந்து வரும் காணொளிகள். சல்லடையாகிப் போன எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை ஒருவர் ஒரு குளிர்காலத்துக்குள் புதுசாக்கிக் காட்டுகிறார். அதைப் பார்த்துவிட்டு "மனசு வைத்தால் எதையும் மீட்கலாம்" என்று நம் ஆட்கள் பேசுகிறார்கள். அங்கே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1988 முதல் எம்.ஜி.பி.க்கு முழு உடற்கூட்டையே புதிதாக அச்சடித்து விற்கிறது. துருப்பிடித்த கூட்டிலிருந்து இன்ஜினையும் சக்கரங்களையும் கழற்றிப் புதுக்கூட்டில் பூட்டிவிட முடியும். பத்மினிக்கு அப்படி யார் கூடு செய்து தருகிறார்கள்? சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்தால் கதவும் டிக்கி மூடியும் கிடைக்கலாம். தரையும் பெட்டிப் பகுதியும் கிடைக்காது. தட்டையான தகட்டை வாங்கி, நல்ல கைத்திறன் உள்ள ஒரு டிங்கர் நாள் கணக்கில் உட்கார்ந்து கையால் மடித்து உருவாக்க வேண்டும். அந்தத் திறமை உள்ள மூத்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவர்கள் கேட்கும் கூலி நியாயமானது, அதில் எனக்குச் சிறிதும் குறை இல்லை. அந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் "செய்துவிடலாம் சார்" என்று சொல்பவர்கள் மீதுதான் குறை.

"விண்டேஜ் நம்பர் வாங்கிவிட்டால் விலை எங்கேயோ போய்விடும்" என்ற ஆசை வார்த்தையும் இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தை அவர்கள் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்த வாகனத்துக்குத்தான் அந்த விண்டேஜ் பதிவு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பதிந்த பிறகு அன்றாடம் ஓட்டவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றியமைப்பு ஏதும் இல்லாமல் மூல வடிவிலேயே வாகனம் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. பாதிக் கூட்டை வெட்டி மாற்றிய காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தி என்ன பதில் சொல்வது? 1980களிலும் 90களிலும் வந்த பத்மினிகளோ வயதிலேயே இன்னும் தகுதி பெறவில்லை.

எல்லாத் துருவும் சாவுமணி என்று நான் சொல்லவில்லை. நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் செய்த ஹெரால்டு காருக்குத் தனிச் சேசிஸ் உண்டு. அதன் உடல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டது. மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். சேசிஸ் உறுதியாக இருந்தால் அந்தக் காரில் மேல் தகடுகளின் துருவோடு போராடலாம், போராடவும் வேண்டும், ஏனென்றால் அது இந்த ஊரின் கார். பத்மினியிலும் தரையும் பெட்டிப் பகுதிகளும் திடமாக இருந்து, கதவு அடித்தகடும் மட்கார்டும் மட்டும் போயிருந்தால் தாராளமாகச் செலவு செய்யுங்கள். கூடே உளுத்துப்போயிருந்தால், சாதாரணச் சம்பளக்காரர் அதில் இறங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. "அப்பா ஓட்டிய காரை உடைக்கவா போகிறாய்?" என்று கேட்டு ஒருவரைக் கடனில் தள்ளும் உறவினர்கள், அந்தப் பணத்தில் ஒரு பங்கைத் தாங்கள் தரத் தயாரா என்று முதலில் சொல்லட்டும். அந்தக் காரின் கியர்பாக்ஸும் கண்ணாடிகளும் குரோம் பட்டைகளும் டேஷ்போர்டும், திடமான கூட்டோடு உதிரிக்காகக் காத்து நிற்கும் இன்னொரு பத்மினியைச் சாலைக்குக் கொண்டுவரும். அதை உடைப்பது அவமரியாதை அல்ல. பட்டிக்குள் புதைத்து வைப்பதுதான் அவமரியாதை.

பட்டறைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அட்வான்ஸ் வாங்கும் முன் மேட்டைத் தூக்குங்கள். காந்தத்தை வைத்து, உள்ளே பட்டி இருப்பதால் அது எங்கே ஒட்டவில்லை என்று உரிமையாளர் கண்முன்னே காட்டுங்கள். ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள், சிக்கினால் கூடு வளைகிறது என்று வாய் திறந்து சொல்லுங்கள். பெயிண்டைச் சுரண்டியதும் வெற்றுத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, பதில் வரும் வரை பட்டி டப்பாவைத் திறக்காதீர்கள். விற்பவர்களும், வாங்க வருபவர் ஸ்க்ரூடிரைவரோடு அடியில் படுத்துக் குத்திப் பார்க்கும்போது "என்ன சார், நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அப்படிக் கேட்கும் இடத்தில் கார் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இனியும் சொல்வேன்.