வழிகாட்டி மதிப்பு வேற, விக்குற விலை வேற அண்ணாச்சி

"2023ல அரசு 50 சதவீதம் ஏத்திட்டு, அதான் நெல்லை பெருமாள்புரத்துல வீடு ஒன்றரை மடங்கு விலையாயிட்டு"ன்னு மேல ஒரு அண்ணாச்சி எழுதியிருக்காவ. ஏத்துனது வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்காகத் தெருவுக்குத் தெரு அரசு குறிச்சு வைக்க மதிப்பை. அதுவும் புதுசா ஏத்தல: 2017ல 33 சதவீதம் குறைச்சதை, 2023 ஏப்ரல்ல பழைய 2012 அளவுக்கே திருப்பி வச்சாங்க. 100 ரூபாய் 67 ஆகி, மறுபடி 100 ஆனதுதான் அந்த 50 சதவீதம். குறைச்சப்போ வீட்டு விலை மூணுல ஒரு பங்கு இறங்கிச்சா என்ன?

அதே 2023 ஏப்ரல்லயே பதிவுக் கட்டணம் 4 சதவீதத்துலேர்ந்து 2 ஆச்சு. முத்திரைத் தீர்வையோட சேத்தா 11 போய் 9. இதை யாரும் சொல்ல மாட்டேங்காவ. ஒரு பேச்சுக்கு, வழிகாட்டி மதிப்பு சதுர அடி 1,000 ரூபாய் இருந்த தெருவுல 3 சென்ட் மனைன்னு வைங்க, சுமார் 1,307 சதுர அடி. ஏத்துறதுக்கு முன்னாடி பதிவுச் செலவு 1.44 லட்சம். மதிப்பு 1,500 ஆனப்புறம் 1.76 லட்சம். முப்பத்திரெண்டாயிரத்துச் சொச்சம்தான் கூடுது. பத்திரத்துல வழிகாட்டி மதிப்பைவிடக் கூடுதல் தொகை எழுதுனவங்களுக்குச் செலவு குறைஞ்சேகூட இருக்கும். 2024 ஜூலையில வழிகாட்டி மதிப்பை மறுபடி மாத்துனது தனிக் கதை.

விலையைத் தீர்மானிக்கது தெரு அகலம், பட்டா, தண்ணி. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கப்புறம் ஆத்துப் பக்கம் வீடு பாக்க வாறவுக, சுவத்துல தண்ணி நின்ன கறை எதுவரைன்னுதான் மொதல்ல பாக்காவ.

பக்கத்து மனையை யாரு யாருக்கு வித்தாவன்னு காட்டுத வில்லங்கச் சான்றை ஆன்லைன்ல இலவசமாவே பாக்கலாம். கைமாற்றுத் தொகை, அதாவது பத்திரத்துல எழுதுன விலை, போட்டிருக்கும். குறைச்சு எழுதியிருப்பாவ, அதையும் மனசுல வச்சுக்கிடுங்க.