காமாவுக்கு 95 கிலோ போதும்

மல்யுத்த வீரர் காமா 1200 கிலோ கல்லை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார், அந்தக் கல் பரோடாவில் கிடக்கிறது என்று ஒரு பதிவு சுற்றுகிறதே, அதற்குக் கீழே நான் எழுதியது மொத்தம் மூன்று வரி. அதற்கு விழுந்த அர்ச்சனையை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்பாக்ஸில் அனுப்பி "அண்ணே, இதைப் பார்த்தீங்களா?" என்று கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி, பார்த்துவிட்டேன். வெள்ளைக்காரனுக்கு அடிமை. புரோட்டீன் பவுடர் ஏஜென்ட். வயிற்றெரிச்சல் பிடித்தவன். ஒரு புண்ணியவான் என் புரொஃபைல் படத்தை எடுத்துத் தொப்பைக்கு வட்டம் போட்டிருக்கிறார். தொப்பை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதனால் பரோடாவில் கிடக்கும் கல்லின் எடை கூடுமா குறையுமா என்று அவரே சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

நான் சொன்னது இதுதான். 1200 கிலோ கல்லை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடக்க மனித உடம்பால் முடியாது. காமாவாலும் முடியாது. அவ்வளவுதான். காமா பலசாலி இல்லை என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள், இந்தக் கணக்கையே மூடிவிட்டுப் போகிறேன்.

எனக்குக் காமாவைப் பற்றிப் பாடம் எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு 1910இல் லண்டனில் நடந்தது தெரியும்? உயரம் போதாது என்று அவரைப் போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று சவால் விட்டார். அமெரிக்கரான டாக்டர் ரோலர் வந்தார், இரண்டு முறை மல்லாந்தார். செப்டம்பர் 10ஆம் தேதி போலந்துக்காரர் ஸ்பிஷ்கோ. அந்த மனிதர் பாயில் குப்புறப் படுத்தவர்தான், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்து டிரா வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் திரும்ப மோத வேண்டும், ஆளே வரவில்லை. 1928இல் பட்டியாலாவில் மறுபடி சந்தித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஸ்பிஷ்கோ தரையில். அப்போது காமாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. இது கூட்டம் கூட்டமாக ஆட்கள் உட்கார்ந்து பார்த்தது, பத்திரிகையில் வந்தது. இதைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வரி இல்லை. கல் மட்டும் இருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் தீ எமோஜி இருந்தது.

சரி, கல்லுக்கே வருவோம். 2016இல் லீட்ஸ் நகரில் எடி ஹால் என்பவர் 500 கிலோவைத் தரையிலிருந்து தூக்கினார். 180 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆள். கைக்கு அடக்கமான இரும்புக் கம்பி, மணிக்கட்டில் பட்டை, தூக்கியது தொடை உயரத்துக்கு, அதுவும் சில நொடிகள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி நிலைகுலைந்து போனார். அதற்குப் பிறகும் அந்த எண் ஏறியிருக்கிறது, ஆனால் ஒற்றை இரட்டை இலக்கக் கிலோக்களில்தான். நீங்கள் சொல்வது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பிடிமானமே இல்லாத கல். நெஞ்சு வரைக்கும். அப்புறம் நடை வேறு!

"கல்லிலேயே பொறித்திருக்கிறதே, 1902 டிசம்பர் 23 என்று தேதியோடு?" பொறித்திருக்கிறது. யார் நிறுத்தார்கள், எப்படித் தூக்கினார், எவ்வளவு உயரம் என்று பொறித்திருக்கிறதா? எங்கள் பக்கம் ஆட்டோவுக்குப் பின்னால்கூட நிறையப் பொறித்திருக்கிறது.

இன்னொருவர் கொஞ்சம் விவரமானவர். கனடாக்காரர் லூயி சிர் 1895இல் பாஸ்டனில் 18 குண்டு மனிதர்களை மேடையோடு சேர்த்துத் தூக்கினாரே, 4337 பவுண்டு, அது மட்டும் எப்படி என்று மடக்கினார். நல்ல கேள்வி. மடக்கியவர் அது எப்படிப்பட்ட தூக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். முட்டுக்கால்கள் மேல் ஒரு மேடை. ஆள் அதற்கு அடியில் குனிந்து, கையை ஒரு ஸ்டூலில் ஊன்றி, முதுகைக் கொடுத்துக் காலை நிமிர்த்துவார். மேடை விரலளவு எழும்பும், இறங்கும். கையில் பிடிக்க வேண்டியதில்லை, இடுப்பு வளைந்து நிமிர வேண்டியதில்லை, எலும்பு தாங்கும். அப்படி வைத்தால் அந்த 4337 பவுண்டை, அதாவது 1967 கிலோவை நம்பலாம். காமாவும் அப்படி முதுகில் கொடுத்து அசைத்தார் என்று யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக ஷேர் செய்கிறேன். ஆனால் அதை எழுத மாட்டீர்கள். அணைத்துக்கொண்டு நடந்தார் என்றால்தான் லைக் விழும்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் காமாவின் ஹஸ்லி இருக்கிறது. நடுவில் ஓட்டை போட்ட வட்டு, கழுத்தில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டு பஸ்கி எடுப்பது. எடை 95 கிலோ. அதை மாட்டிக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறார். ஜிம்முக்குப் போகிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தோளில் சமமாகப் படுத்திருக்கும் பார் என்கிற இரும்புக் கம்பி கிடையாது. கழுத்தை அறுக்கும் பாரம், முன்னும் பின்னும் சாயும். அதைக் கழுத்தில் வைத்துக்கொண்டு நூறு பஸ்கி என்றாலே என்னைப் பொறுத்தவரை காலில் விழுந்து கும்பிடலாம். ஆனால் 95 என்று எழுதினால் யாருக்கும் பிடிக்காது. "இவ்வளவுதானா?" என்பான். ஆமாம்டா, இவ்வளவுதான். மாட்டிப் பார்.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். மாரியம்மன் கோவில் முன்னால் இளவட்டக்கல் உண்டு. முட்டை மாதிரி வழவழவென்று இருக்கும், கையை எங்கே வைத்தாலும் வழுக்கும். என் பெரிய மாமா அதைப் பொங்கலுக்குப் பொங்கல் தூக்குவார். குத்தவைத்து உட்கார்ந்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, மடியில் ஒரு நிமிடம் இருத்தி, மூச்சைப் பிடித்து நெஞ்சுக்கு, அங்கிருந்து தோளுக்கு, தோளிலிருந்து பின்பக்கம் தொப்பென்று. சட்டைக்குள்ளே மணலும் ரத்தமுமாக இருக்கும். அந்தக் கல் மூன்று மூட்டை நெல் கனம் என்று ஊரில் பேச்சு. நான் சின்னப் பையனாக இருந்தபோது இரண்டு மூட்டை. வளர வளரக் கல்லும் வளர்ந்தது.

ஒரு வருஷம் வெளியூரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை பந்தயம் கட்ட, அதை வண்டியில் ஏற்றி ரைஸ் மில்லில் மூட்டை நிறுக்கிற தராசில் வைத்துவிட்டார்கள். 104 கிலோ. கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. தராசு ரிப்பேர் என்று ஒருவர் சொன்னார். கல்லைத் தேய்த்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். மாமா மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கல்லு அதேதானல, இப்ப வந்து தூக்கு" என்றார், அந்த மாப்பிள்ளையைப் பார்த்து. மாப்பிள்ளை முழங்காலுக்குக்கூட ஏற்றவில்லை. மூன்று மூட்டை என்று நம்பி ஒதுங்கி நின்ற பையன்கள் அன்றைக்குத்தான் வரிசையில் நின்று அந்தக் கல்லைத் தொட்டார்கள். இரண்டு பேர் மடி வரைக்கும் கொண்டுவந்தார்கள்.

அதற்கப்புறம் ஊரில் கல்லைப் பற்றிய பேச்சு குறைந்தது என்பதும் உண்மைதான். கதை இருந்தால்தானே ஆள் தேடி வருவான் என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார், நாகரிகமாக எழுதிய ஒரே ஆள். அவருக்குப் பதில் இது. ஸ்காட்லாந்தில் பொட்டார்க் என்ற இடத்தில் இரும்பு வளையம் மாட்டிய இரண்டு கற்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்த்து சுமார் 332 கிலோ. 1860இல் டொனால்ட் டின்னி அவற்றை அங்கே இருக்கும் பாலத்தின் குறுக்கே சுமந்து போனார் என்பது கதை. கதையும் இருக்கிறது, எடையும் இருக்கிறது. அந்த எடையைத் தெரிந்துகொண்டுதான் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் போய்த் தூக்கிப் பார்க்கிறார்கள். ஐஸ்லாந்தின் ஹுசாஃபெல் கல் 186 கிலோ, அதைத் தூக்கவும் அப்படித்தான் ஆட்கள் போகிறார்கள். எண்ணைச் சொன்னதால் அங்கே கூட்டம் குறையவில்லை. பதில் போதுமா தெரியவில்லை, எனக்குப் போதும்.

வெள்ளைக்காரன் அடிமை என்றவர்களுக்கு ஒரு செய்தி. இந்த விஷயத்தில் வெள்ளைக்காரன் விட்ட ரீலுக்குப் பக்கத்தில் நாம் குழந்தைகள். சர்க்கஸ் மேடையில் தூக்கிய அந்த உருண்டை முனைப் பார்களை நினைவிருக்கிறதா, கார்ட்டூனில் வருமே, அவை உள்ளே குடைவாக இருக்கும், மணலோ ஈயக் குண்டோ போட்டு நிரப்புவது. எவ்வளவு நிரப்பியிருக்கிறது என்று வெளியிலிருந்து எவனுக்குத் தெரியும்? லண்டனில் சாம்சன் என்று ஒருவர் சங்கிலியை அறுத்து, காசை உடைத்து வித்தை காட்டிப் பேர் வாங்கினார். 1889இல் அவர் மேடையிலேயே ஏறி அவரைக் கவிழ்த்தவர்தான் சாண்டோ. நம்ம ஊர் சாண்டோ பனியனுக்கும், சாண்டோ சின்னப்பா தேவருக்கும் பேர் கொடுத்த அதே ஜெர்மன்காரர்.

தாமஸ் இன்ச் என்ற ஆங்கிலேயரிடம் யாராலும் தூக்க முடியாத டம்பெல் ஒன்று இருந்தது. அசல் எடை 172 பவுண்டு, நம் கணக்கில் 78 கிலோ. இதுவா பெரிது என்றால், கைப்பிடி ஆறு சென்டிமீட்டர் பருமன். விரல் சுற்றிப் பிடிக்காது, தூக்கத் தூக்க உள்ளங்கையில் உருளும். இன்ச்சிடம் பார்க்க அதே மாதிரி எடை குறைந்த டம்பெல்களும் இருந்தன. எந்த ஊரில் எதைத் தூக்கினார் என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் அந்த 78 கிலோ டம்பெல் இன்றும் இருக்கிறது, நிறுத்தும் பார்த்துவிட்டார்கள். அதை ஒற்றைக் கையால் தரையிலிருந்து பிரிப்பதற்கே பெரிய பெரிய ஆட்கள் திணறுகிறார்கள். பிரான்சில் அப்போலோன் என்ற பலசாலி தூக்கிய ரயில் வண்டிச் சக்கரங்கள் 166 கிலோ. அச்சுக் கம்பி ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவருக்குப் பிறகு 1930இல் ரிகுலோ, 1949இல் ஜான் டேவிஸ், 1954இல் ஷெமான்ஸ்கி என்று எப்போதாவது ஒருவர்தான் அதைத் தலைக்கு மேல் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆர்தர் சாக்ஸன் என்ற இன்னொரு பலசாலி 371 பவுண்டை ஒற்றைக் கையில் ஏற்றினார். கையால் தள்ளி மேலே ஏற்றவில்லை. பார் அப்படியே நிற்க, உடம்பைப் பக்கவாட்டில் மடித்து அதற்குக் கீழே போய், கை நீண்டதும் நிமிர்ந்தார். 168 கிலோ! சாட்சிகள் முன்னால் நிறுத்த எடை. ஆளின் எடை 90 சொச்சம்.

நிறுத்ததால் சாக்ஸன் சின்னவர் ஆகிவிட்டாரா? எனக்கு இதை எழுதும்போதே மயிர்க்கூச்செறிகிறது. 1902இல் பிலடெல்ஃபியாவில் கால்வர்ட் என்பவர் எடையைக் கூட்டிக் குறைக்கும் பார்பெல் விற்க ஆரம்பித்தார். தட்டு மாட்டுகிற பார் பரவப் பரவ, யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம் என்று ஆனது. பொய்க்கு இடம் சுருங்கியது. நாம் மட்டும் கைபேசியில் இன்டர்நெட்டை வைத்துக்கொண்டு ஈயக் குண்டுக் காலத்துக்குத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறோம்.

காமா முஸ்லிம் என்பதால் மட்டம் தட்டுகிறாயா என்று ஒருவர். பிரிவினைக்குப் பின் லாகூரிலேயே இருந்து 1960இல் அங்கேயே செத்தவனுக்கு எதற்கு வக்காலத்து என்று இன்னொருவர். இருவரும் ஒருவருக்கொருவர் லைக் போடாததுதான் பாக்கி. இரண்டுக்கும் பதில் சொல்ல எனக்கு மனசில்லை.

வலித்தது என்னவென்று சொல்லட்டுமா? கர்லாக்கட்டை சுற்றத் தெரியாதவனெல்லாம் பேசுகிறான் என்று ஒரு தம்பி எழுதியது. தம்பி, எங்கள் சிலம்ப வாத்தியார் வீட்டு முற்றத்தில் புளிய மரக் கட்டையைத் தோளுக்குப் பின்னால் சுற்றி மண்டையில் வாங்கிக்கொண்ட தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது. அந்தக் கட்டையை வெள்ளைக்காரப் பட்டாளத்தான் இங்கே பார்த்துக் கற்றுக்கொண்டு போய் ஐரோப்பா முழுக்கப் பரப்பினான். 1904இலும் 1932இலும் ஒலிம்பிக்கிலேயே கட்டை சுற்றும் போட்டி வைத்தார்கள். இன்றைக்கு அதை இரும்பில் செய்து, இங்கிலீஷ் பேர் வைத்து, ஆன்லைன் வகுப்பு என்று நமக்கே ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். விற்பவர்தான் 1200 கிலோ வீடியோவும் போடுகிறார். எங்கள் வாத்தியார் கடைசிக் காலத்தில் மருந்துக்குக் கடன் வாங்கினார். அவரைப் பற்றி யாரும் வீடியோ போடவில்லை. அவர் எதையும் 1200 கிலோ தூக்கவில்லையே.

காமா தினம் ஐயாயிரம் பஸ்கி, மூவாயிரம் தண்டால் எடுத்தார் என்று படித்துவிட்டு ஆரம்பிக்கிற பையன் நாற்பதாவது பஸ்கியிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். அப்புறம் "அந்தக் காலத்து ஆளுங்க வேற, நம்மால ஆகாது" என்று ஒரு பெருமூச்சு. அவனைத்தான் நீங்கள் கெடுக்கிறீர்கள். நான் கேட்பதெல்லாம் நிஜமான எடையைப் போடுங்கள் என்பது. 95 என்று போடுங்கள். அவன் பத்துக் கிலோவில் ஆரம்பித்து ஏறுவான்.

அடுத்து ஆந்திரப் பலசாலி கோடி ராமமூர்த்தி நாயுடுவின் நெஞ்சில் யானை ஏறிய கதை வரும் என்று தெரியும். அனுப்புங்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். சர்க்கஸில் யானையை நெஞ்சில் ஏற்றும்போது ஆளுக்கு மேல் பலகை போடுவார்கள், அதன் இரு முனையும் எங்கே ஊன்றியிருக்கிறது, யானையின் எத்தனை கால் பலகையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது பாரம். படம் இருந்தால் பலகை முழுசாகத் தெரிகிற மாதிரிப் படத்தை அனுப்புங்கள். கட் பண்ணி அனுப்பினால் பிளாக்.